படித்துப் பார்க்கிற ஜெராக்ஸ் கடை

சென்னை பழைய வண்ணாரப்பேட்டையில் ஜெராக்ஸ் கடைக்குப் பஞ்சம் கிடையாது. எம்.சி. ரோட்டில் நைட்டி தொங்குகிற கடைக்கும் பட்டுப்பாவாடை தொங்குகிற கடைக்கும் நடுவில், ஓராள் நிற்கிற அகலத்தில் ஒன்று இருக்கும். டி.எச். ரோட்டில் சந்துக்கு ஒன்று. பெரும்பாலும் பக்கம் ஒரு ரூபாய். நான் சொல்லப் போகிற கடையில் ஒன்றரை ரூபாய். முதல் தடவை அந்த அரை ரூபாயை முணுமுணுத்துக்கொண்டேதான் கொடுத்தேன். இப்போது சைக்காலஜி ப்ராஜெக்ட் என்று யார் சொன்னாலும் நானே அங்கே அனுப்புகிறேன்.

கடைக்குப் பெயர்ப்பலகை ஒரு காலத்தில் இருந்திருக்கிறது. வெயிலில் வெளுத்து ‘லேமினேஷன்’ என்ற சொல் மட்டும் மிச்சம். சர் தியாகராயா கல்லூரி மெட்ரோவில் இறங்கி எம்.சி. ரோட்டுப் பக்கம் போகிற சந்துகளில் ஒன்றில், டீக்கடைக்கு எதிரே இருக்கிறது. பெயரை எழுதட்டுமா என்று கேட்டேன். “வேணாம் டீச்சரம்மா, கூட்டம் சேர்ந்தா படிச்சுப் பாக்க நேரம் இருக்காது” என்றார் கடைக்காரர். அவரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள், நானும்.

நான் தண்டையார்பேட்டையில் பதினோரு வருஷமாக வீட்டில் டியூஷன் எடுக்கிறேன். எட்டாவது, ஒன்பதாவது பிள்ளைகள். “இவ்ளோ நாளா பசங்களோட மல்லுக்கட்டுறியே, அதையே படிச்சா இன்னா?” என்று மாடி வீட்டு அக்கா சொன்ன பேச்சில் தொலைநிலைக் கல்வியில் எம்.எஸ்சி. சைக்காலஜி சேர்ந்தேன். முதல் வருஷம் எப்படியோ ஓடிவிட்டது. இரண்டாம் வருஷம் ப்ராஜெக்ட். கைடு நல்லவர்தான், ஆனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் போனில் கிடைப்பார்.

தலைப்புக்கு நான் அலையவில்லை. பதினோரு வருஷமாக உறுத்திக்கொண்டிருந்ததையே எடுத்துக்கொண்டேன். பிள்ளைகள் ஒரு பாடத்தை நாலு தடவை வாசிப்பார்கள், மஞ்சள் பேனாவால் பக்கம் முழுக்கப் பூசுவார்கள், “படிச்சுட்டேன் மிஸ்” என்பார்கள். புத்தகத்தை மூடிவிட்டுச் சொல்லு என்றால் சுவரைப் பார்ப்பார்கள். இதைப் பற்றி 2006-இல் அமெரிக்காவில், செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில், ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இருவர் செய்த ஒரு சோதனை இருக்கிறது. கல்லூரி மாணவர்களுக்குச் சின்னப் பத்திகளைக் கொடுத்தார்கள். ஒரு பத்தியை மறுபடியும் வாசிக்க வைத்தார்கள். இன்னொன்றை ஒரு தடவை வாசித்த பிறகு, பார்க்காமல் நினைவில் இருப்பதை எழுத வைத்தார்கள். ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டால் மறுபடி வாசித்ததுதான் ஜெயித்தது: 81 சதவீதம், எழுதிப் பார்த்தது 75. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது தலைகீழ். மறுபடி வாசித்தது 42-க்கு இறங்கிவிட்டது, எழுதிப் பார்த்தது 56-இல் நின்றது. நம் பிள்ளைகள் பரீட்சைக்கு முந்தின ராத்திரி வாசித்து மறுநாள் எழுதித் தப்பிப்பதும், லீவு முடிந்து வந்தால் எல்லாம் காலியாக இருப்பதும் அந்த நாலு எண்ணுக்குள் எனக்குத் தெரிந்தது.

சரி, இதையே என் டியூஷன் பிள்ளைகள் 28 பேரை வைத்துச் செய்து பார்க்கலாம் என்று முடிவு செய்தேன். இரண்டு பத்தி, இரண்டு முறை. எந்தப் பத்தி எந்த முறையில், எது முதலில் என்பதை மாற்றி மாற்றிப் போட்டால் நாலு விதமான கட்டு வரும். நாலு விதமான கட்டு என்றால் காகிதம் கலக்காமல் இருக்க வேண்டும். அதற்குத்தான் நல்ல கடை தேடினேன்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். முதலில் போனது பாய் கடைக்கு இல்லை. ‘ப்ராஜெக்ட் செய்து தரப்படும்’ என்று போர்டு வைத்திருந்த வேறொரு இடத்துக்குப் போனேன். எந்த இடம் என்று எழுதப் போவதில்லை. ஏசி ரூம், சுழல் நாற்காலி, டை கட்டின தம்பி. விலைப்பட்டியலில் இரண்டு வரி. ஒன்று டைப்பிங், பைண்டிங் மட்டும். இன்னொன்று “டேட்டாவோட சேர்த்து”. எனக்குப் புரியவில்லை. தம்பி பொறுமையாக விளக்கினார். “நீங்க பசங்க கிட்ட பேப்பரே குடுக்க வேணாம் மேடம். நாங்களே அறுபது பேருக்குப் போட்டு, சிக்னிஃபிகன்ட் வர வெச்சுடுவோம். வைவாவுல கேக்கற கேள்விக்கும் பதில் தந்துடுவோம்.” சிக்னிஃபிகன்ட் என்றால், வித்தியாசம் வெறும் தற்செயலாக இருக்காது என்று கணக்கு சொல்வது; வைவா என்றால் கடைசியில் நடக்கிற வாய்மொழித் தேர்வு. நான் எழுந்து வந்துவிட்டேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். எவ்வளவு ஆகும் என்று கேட்டுவிட்டுத்தான் எழுந்து வந்தேன். வீட்டுக்காரரிடம் சொன்னபோது, “பசங்களுக்கு காப்பி அடிக்காதேன்னு சொல்லிக் குடுக்கறது யாரு?” என்று ஒரே கேள்விதான் கேட்டார். அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

பாய் கடைக்குப் போனது தற்செயல்தான். மழைக்கு ஒதுங்கினேன். கையில் பத்தி இருந்தது, சரி இங்கேயே எடுப்போம் என்று நீட்டினேன். அவர் மெஷினில் வைக்கவில்லை. கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் படிக்க ஆரம்பித்தார். பின்னால் மூன்று பேர் நிற்கிறார்கள், இவர் படிக்கிறார். எனக்குக் கோபமாக வந்தது.

அமெரிக்கக்காரர்கள் கொடுத்த பத்திகள் சூரியனைப் பற்றி ஒன்று, கடல் நீர்நாயைப் பற்றி ஒன்று. நம் பிள்ளைகளுக்கு நீர்நாய் எதற்கு என்று நான் அதை மாற்றி, பங்குனி ஆமையைப் பற்றி எழுதியிருந்தேன். ஜனவரியிலிருந்து நம் கடற்கரைக்கு முட்டையிட வருகிறது, ஒரு குழியில் நூறு முட்டை வரைக்கும், அப்படி இப்படி. உள்ளூர் விஷயம் எழுதிவிட்டோம் என்று எனக்குப் பெருமை வேறு. பாய் படித்து முடித்துக் கேட்டார்: “இது ஞாபக சக்தி டெஸ்ட்டா?”

“ஆமாம் பாய்.”

“உங்க கிட்ட காசிமேட்டுப் பசங்க படிக்கிறாங்களா?”

“ஏழெட்டுப் பேர் இருக்காங்க.”

“அப்ப அவன் இதைப் படிக்காமலே எழுதிடுவானே டீச்சரம்மா. ஆமையைப் பத்தி அவனுக்கு நீங்க சொல்றதா?”

முகத்தில் தண்ணீர் தெளித்த மாதிரி இருந்தது. காசிமேடு மீன்பிடித் துறைமுகம். முன்னறிவு முடிவைக் கெடுக்கும் என்று புத்தகத்தில் அடிக்கோடு போட்டு நானே படித்திருக்கிறேன். கரையில் செத்து ஒதுங்கிய ஆமையைக் கண்ணால் பார்த்த பிள்ளைக்கும், கொருக்குப்பேட்டையிலிருந்து வருகிற பிள்ளைக்கும் அந்தப் பத்தி ஒன்றில்லை. கைடு அதைப் பார்த்துவிட்டு “குட்” என்று மட்டும் எழுதியிருந்தார். கைடைக் குறை சொல்லவில்லை, அவருக்கு காசிமேடு தெரியாது. ஆமையை எடுத்துவிட்டு பென்குயினைப் போட்டேன். ஆண் எம்பரர் பென்குயின் முட்டையைக் காலின்மேல் வைத்துக்கொண்டு, இரண்டு மாதம் சாப்பிடாமல் அண்டார்டிகா குளிரில் நிற்கிற கதை. அது ராயபுரத்துக்கும் புதிது, பெரம்பூருக்கும் புதிது.

இந்தப் பென்குயின் பத்தியில் இன்னொரு கூத்து. நான் போனில் தட்டச்சு செய்து கொண்டுபோனேன். கடையில் இருந்த பழைய கம்ப்யூட்டரில் திறந்தபோது எழுத்தெல்லாம் சிதறிவிட்டது. கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம். அச்சடித்து வந்த தாளைத் தூக்கிப் பார்த்துவிட்டு பாய் கேட்டார்: “பென்குயினுக்குக் கொம்பு இருக்கா டீச்சரம்மா?” பத்து நிமிஷம் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அவருடைய அண்ணன் மகள் ஒருத்தி சாயங்காலம் மட்டும் டைப்பிங்குக்கு வருகிறாள், பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் பழகின கை. அவளே மறுபடி அடித்துக் கொடுத்தாள். பக்கத்துக்கு நாற்பது ரூபாய். வேகம் கிடையாது, இரண்டு பக்கத்துக்கு இரண்டு நாள். ஆனால் ‘ண’வும் ‘ன’வும் மாறாது. தமிழ்ப் படிவம் அச்சடிப்பவர்கள் யூனிகோடில் அடித்து, பிடிஎஃப்பாக மாற்றிக் கொண்டுபோனால் இந்த இரண்டு நாளும் மிச்சம்.

பாய் சொன்னதெல்லாம் சரி என்று நினைத்துவிட வேண்டாம். நாலு கட்டும் கலந்துவிடக் கூடாதே என்று நான் புலம்பியபோது, “மறுபடி படிக்கிறதுக்கு மஞ்சப் பேப்பர், எழுதிப் பாக்கறதுக்குப் பச்சைப் பேப்பர். முடிஞ்சுது” என்றார். நானும் தலையாட்டினேன். ஆண்டர்சன் தெருவிலிருந்து கலர் பேப்பர் வரவழைத்து அத்தனையும் அச்சடித்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமை கைடுக்குப் போட்டோ அனுப்பினேன். அவர் உடனே கூப்பிட்டார். “பச்சைத் தாளில் இருந்தது நன்றாக நினைவில் நின்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது எழுதிப் பார்த்ததாலா, பச்சையாலா? எப்படிச் சொல்வீர்கள்?” பதில் இல்லை. முழுக் கட்டும் வீண்.

நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கடைக்குப் போனேன். பாய் இரண்டு தடவை விளக்கம் கேட்டார். மூன்றாவது தடவை அவரே சொன்னார்: “அப்ப ரெண்டு தட்டு பிரியாணி குடுத்து எது ருசின்னு கேக்கும்போது, ஒண்ணு வாழை இலையில ஒண்ணு பிளாஸ்டிக் தட்டுல குடுக்கக் கூடாது. அதானே?” அதேதான். வகுப்பில் ஒரு மணி நேரம் எடுத்த பாடம். “என் யோசனை, என் நஷ்டம்” என்று மறு அச்சுக்குப் பாதிக் காசுதான் வாங்கினார். பிறகு எல்லாம் வெள்ளைத் தாள், கீழே வலது மூலையில் தாயக்கட்டை மாதிரி ஒன்று, இரண்டு, மூன்று, நாலு புள்ளி. கட்டுக்கு ஏழு பேர். ஒன்றுகூடக் கலக்கவில்லை. மஞ்சள் தாளும் பச்சைத் தாளும் இன்றுவரை என் வீட்டில் கணக்குப் போட்டுப் பார்க்கப் பயன்படுகின்றன.

அடுத்தது சம்மதப் படிவம். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் என்றால் அப்பா அம்மாவிடம் எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும், பிள்ளையிடமும் தனியாகக் கேட்க வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் 2017-இல் வெளியிட்ட நெறிமுறையில் ஏழு வயதிலிருந்தே பிள்ளையின் இசைவு கேட்கச் சொல்கிறார்கள். நான் இங்கிலீஷ் மாதிரிப் படிவத்தை வரிக்கு வரி தமிழாக்கி வைத்திருந்தேன். “மேற்கூறிய ஆய்வின் நோக்கம் எனக்கு முழுமையாக விளக்கப்பட்டு, எனது சுயவிருப்பத்தின் பேரில்...” என்று தொடங்கும். முதல் நாள் கொடுத்த ஐந்து பேரில் நாலு அம்மாக்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒருவர் நேரிலேயே வந்து, “இது குழு லோன் பேப்பரா மிஸ்? அவரு இல்லாம நான் கையெழுத்து போட மாட்டேன்” என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. எங்கள் பக்கத்தில் பெண்கள் கையெழுத்துப் போட்ட காகிதத்தில் முக்கால்வாசி கடன் காகிதம்தான்.

பாயிடம் சொன்னேன். அவர் என் படிவத்தின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதினார். முதல் வரி: ‘இது கடன் பத்திரம் இல்லை. பணம் கேட்க மாட்டோம், பணம் தரவும் மாட்டோம்.’ இரண்டாவது: ‘உங்கள் பிள்ளை இரண்டு கதை படித்து எழுதும். மார்க் கிடையாது.’ மூன்றாவது: ‘வேண்டாம் என்றால் வேண்டாம். டியூஷனில் அதே மாதிரிதான் நடத்துவோம்.’ எழுத்தைப் பதினாலு பாயிண்டுக்கு ஏற்றினார். நான் ஆதார் பற்றி ஒரு வரி சேர்த்தேன், கேட்க மாட்டோம் என்று. 28 கையெழுத்தும் வந்தன. இரண்டு பெருவிரல் ரேகை, சாட்சியோடு. கைடு அந்தப் படிவத்தைப் பார்த்துவிட்டு மற்ற மாணவர்களுக்கும் அனுப்பட்டுமா என்று கேட்டார். என் ப்ராஜெக்டில் அவர் வாய்விட்டுப் பாராட்டியது அதை மட்டும்தான், அதிலும் பாதி என்னுடையது இல்லை.

இந்தக் கடையில் காத்திருப்பதே ஒரு வகுப்பு மாதிரி. ஒருநாள் ஒரு கல்லூரிப் பெண் மன அழுத்தக் கேள்வித்தாளோடு வந்தாள். கோஹனும் கூட இருந்தவர்களும் 1983-இல் உருவாக்கியதன் பத்துக் கேள்வி வடிவம், அது பிறகு வந்தது. ‘ஒருபோதும் இல்லை’ தொடங்கி ‘மிக அடிக்கடி’ வரை ஐந்து கட்டம். போனில் மொழிபெயர்த்திருக்கிறாள். பாய் வழக்கம்போல் கண்ணாடியை இறக்கினார். “பாப்பா, ரெண்டாவது கட்டத்துலயும் எப்போதாவது, மூணாவது கட்டத்துலயும் எப்போதாவது. நான் எதுல டிக் போடறது?” அந்தப் பெண் விழித்தாள். நூற்றிருபது பிரதிக்குக் காசு எடுத்து வைத்துவிட்டாள் பாவம். நான் குறுக்கே புகுந்து திருப்பி மொழிபெயர்க்கிற முறையைச் சொன்னேன். பிரிஸ்லின் 1970-இல் எழுதியது: ஒருவர் தமிழாக்க வேண்டும், மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திரும்ப இங்கிலீஷாக்க வேண்டும், இரண்டையும் ஒப்பிட வேண்டும். எதிர் டீக்கடையில் உட்கார்ந்து அவளுடைய தோழி திருப்பி எழுதினாள். பத்தில் மூன்று கேள்வி வேறு ஏதோவாகத் திரும்பி வந்தன. ‘விஷயங்கள் உன் வழியில் நடக்கின்றன என்று உணர்ந்தாயா’ என்பது ‘நீ போகும் வழியில் ஏதாவது நடந்ததா’ என்று வந்திருந்தது. டி.எச். ரோட்டில் தினமும் ஏதாவது நடக்கிறது, எல்லோரும் ஆமாம் என்றுதான் போட்டிருப்பார்கள்.

அன்று கூட்டமில்லை. பேச்சு வாக்கில் அந்த ஏசி ரூம் தம்பியைப் பற்றியும் சொன்னேன். இந்தப் படிப்பிலேயே பெரிய ஆட்கள் சிக்கியிருக்கிறார்கள் என்றேன். நெதர்லாந்தில் ஸ்டாப்பெல் என்று ஒரு பேராசிரியர், 2011-இல் மாட்டிக்கொண்டார். வருஷக்கணக்காகத் தானே எண்களை எழுதிக்கொண்டிருந்தார். ஐம்பதுக்கு மேல் கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. அவர் கொடுத்த எண்களை நம்பி மாணவர்கள் ஆராய்ச்சிப் பட்டத்துக்கே எழுதியிருந்தார்கள். பாய் “அடப்பாவி” என்றார். கூடவே, 2015-இல் 270 பேர் சேர்ந்து 100 சைக்காலஜி சோதனைகளை மறுபடி செய்து பார்த்ததையும், முதலில் 97 சதவீதம் சிக்னிஃபிகன்டாக வந்தவை மறுபடி செய்தபோது 36 சதவீதம்தான் தேறின என்பதையும் சொன்னேன். பாய் கொஞ்சம் யோசித்தார். “அப்ப மீதி எல்லாம் உங்க ஏசி ரூம் தம்பி கிட்டதான் குடுத்தாங்களா?”

இல்லை பாய், அப்படி இல்லை என்று விளக்க எனக்கு ஒரு டீ செலவாயிற்று. பொய் வேறு, தற்செயல் வேறு. இருபது பேரை வைத்துக்கொண்டு கிடைத்த முடிவு அடுத்த இருபது பேரிடம் காணாமல் போகலாம், அதில் யாரும் திருடவில்லை. இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் 28 பேரை நினைத்து வயிற்றில் புளி கரைந்தது.

கரைந்தது சும்மா இல்லை. ஒரு வாரம் கழித்து வைக்க வேண்டிய சோதனை, மழையால் ஒன்பதாம் நாள்தான் நடந்தது. தெருவில் முழங்கால் தண்ணீர். மூன்று பிள்ளைகள் வரவே இல்லை. மிச்சம் இருந்தவர்களின் மதிப்பெண்ணை இலவசமாகக் கிடைக்கிற ஜமோவி என்ற புள்ளியியல் மென்பொருளில் போட்டுப் பார்த்தேன். எழுதிப் பார்த்த பத்திதான் மேலே இருந்தது, ஆனால் வித்தியாசம் சின்னது. சிக்னிஃபிகன்ட் என்று சொல்ல எல்லையாக வைத்திருக்கிற அந்தப் புகழ்பெற்ற 0.05-க்குக் கீழே இறங்கவில்லை. இரண்டு பிள்ளைகளை எடுத்துவிட்டால் இறங்கும் என்று எனக்கே தெரிந்தது, யார் யார் என்றுகூடத் தெரிந்தது. எடுக்கவில்லை. பாய் “அப்ப ஃபெயிலா?” என்று கவலையாகக் கேட்டார். வைவாவுக்குத் தேர்வாளராக வந்த அம்மா அதைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. மழை பெய்ததை ஏன் மறைக்காமல் எழுதினீர்கள் என்று மட்டும் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

ஆனால் ஒன்று. கடைசிச் சோதனைத் தாள் எடுக்கப் போன அன்று பாய் பென்குயின் கதை முழுவதையும் மளமளவென்று ஒப்பித்தார். அவர் அதைப் படித்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. எப்படி பாய் என்றேன். பேரன் தூங்குவதற்கு ராத்திரி கதை கேட்பானாம், கைவசம் இருந்தது அதுதானாம், தினமும் பார்க்காமல் சொல்லியிருக்கிறார். என்னுடைய பிள்ளைகளைவிட ஒழுங்காக எழுதிப் பார்க்கிற குழுவில் அவர் சேர்ந்திருக்கிறார், படிவத்தில் கையெழுத்துப் போடாமல்.

இனி குறை. சின்னக் குறை இல்லை. எல்லாவற்றையும் படிக்கிற கடை என்பதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. பிப்ரவரியில் ஒருநாள் பாய் எனக்குக் கணக்கு எழுதிக் கொடுத்த துண்டுத் தாளைத் திருப்பிப் பார்த்தேன். யாரோ ஒரு பிள்ளை நிரப்பின கேள்வித்தாள். நேர்த்தியான நீல மை. ‘தூக்கம் வருவதில்லை’க்கு நேரே கடைசிக் கட்டத்தில் டிக். மேலே பெயர், வகுப்பு, பிரிவு. நிரப்பின படிவங்களை யாரோ ஒரு மாணவர் பிரதி எடுக்கக் கொண்டுவந்திருக்கிறார், கசங்கிவிட்டது என்று ஒன்றிரண்டை விட்டுப் போயிருக்கிறார், அது ரஃப் பேப்பராகிவிட்டது. எனக்குக் கை நடுங்கியது. அன்று பாயிடம் நான் பேசின பேச்சு எதிர் டீக்கடை வரைக்கும் கேட்டிருக்கும். “நாளைக்கு இந்தப் பொண்ணோட அத்தையே இங்க ஆதார் எடுக்க வருவாங்க பாய். அவங்களுக்கும் இதுலயே கணக்கு எழுதிக் குடுப்பீங்களா?” அவர் பதிலே சொல்லவில்லை. கட்டை எடுத்து ஒவ்வொரு தாளாகத் திருப்பிப் பார்த்தார்.

அடுத்த வாரம் ஒரு பிஸ்கட் அட்டைப்பெட்டி வந்திருந்தது. ‘படிவம் மட்டும். திரும்பக் கொடுக்கவும்’ என்று ஸ்கெட்ச் பேனாவில் எழுதியிருந்தது. போன மாதம் எட்டிப் பார்த்தேன், பெட்டிக்குள் பூனை படுத்திருந்தது. அதனால் நான் சொல்வது இதுதான்: இங்கே போங்கள், ஆனால் வெற்றுப் படிவத்தை மட்டும் கொடுங்கள். நிரப்பின படிவத்தை எந்தக் கடையிலும் நீட்டாதீர்கள், வீட்டிலேயே எண்ணாக ஏற்றிவிடுங்கள். படிவத்தில் பெயர் போடுகிற இடமே வேண்டாம், ஒரு எண் போதும். அச்சில் கெட்டுப்போன தாளையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், கொடுப்பார்.

மற்ற விவரங்கள். பக்கம் ஒன்றரை, இரண்டு பக்கமும் அச்சடித்தால் இரண்டரை. ஸ்பைரல் நாற்பது ரூபாய், நன்றாகவே நிற்கிறது. இடது ஓரம் ஒன்றரை அங்குலம் விட வேண்டும் என்பதை நீங்கள் மறந்தாலும் அவர் மறக்க மாட்டார், விடாவிட்டால் அச்சடிக்கவே மாட்டார். ஜிபே உண்டு, சிக்னல் கிடையாது, சில்லறை கொண்டுபோங்கள். பென்டிரைவை வீட்டுக்கு வந்ததும் வைரஸ் பார்த்துவிடுங்கள். வெள்ளிக்கிழமை பன்னிரண்டரை முதல் இரண்டரை வரை ஷட்டர் இறங்கியிருக்கும். தீபாவளிக்கு முன்னால் இரண்டு வாரம் எம்.சி. ரோட்டுக் கூட்டத்தில் அந்தச் சந்துக்குள் நுழையவே முடியாது, அப்போது ப்ராஜெக்ட் முடிக்க வேண்டியவர்கள் முந்திக்கொள்ளுங்கள். ஏப்ரல் கடைசியில் வரிசை டீக்கடை வரைக்கும் நிற்கும், அவர் ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருப்பார்.

ஹார்டு பைண்டிங் மட்டும் இங்கே கொடுக்காதீர்கள். அதை அவர் வெளியே அனுப்பிச் செய்து வாங்குகிறார், அங்கே யாரும் படித்துப் பார்ப்பதில்லை. இருநூற்றைம்பது ரூபாய் வீதம் மூன்று பிரதி கொடுத்தேன். கறுப்பு அட்டையில் தங்க எழுத்து பளபளவென்று வந்தது. மூன்றிலும் சைக்காலஜியில் ‘ஹெச்’ இல்லை. இரண்டை பாய் சண்டை போட்டு மாற்றி வாங்கிக் கொடுத்தார். பல்கலைக்கழகத்துக்குக் கெடு முடிந்துவிட்டதால் மூன்றாவதை மாற்ற நேரமில்லை. அது டியூஷன் அறையில் அலமாரியில் இருக்கிறது. போன வாரம் ஒன்பதாவது படிக்கிற பெண் அதன் முதுகைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “மிஸ், ஸ்பெல்லிங் தப்பு” என்றாள்.